இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்த பழைய பென்ஸை விற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் மயிலாப்பூர் தனிவீட்டை இடித்து பிளாட் கட்டுவது என்று முடிவான அன்றைக்கே வண்டியை என்ன செய்வது என்ற கேள்வியும் வந்துவிட்டது. எங்கள் பங்குக்கு ஒரு கார் பார்க்கிங்தான். அதில் தினமும் ஓடுகிற வண்டி நிற்கும். 1983-ல் செய்த மெர்சிடிஸ் பென்ஸ் 240டி, 2002 முதல் என்னிடம் இருப்பது, தெருவில் கவர் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். கடற்காற்று அடிக்கிற ஊரில் அப்படி நின்றால் இரண்டு மழைக்காலத்தில் கதவடி முழுக்கத் துருவாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்பதால் விற்றேன்.

2023 செப்டம்பரில் முடிவெடுத்து, 2024 தை கடைசியில் சாவியைக் கொடுத்தேன். அந்த ஐந்து மாதத்தில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். என் வண்டி டபிள்யூ 123 வகை. 1976-லிருந்து 1986 தொடக்கம் வரை சுமார் 27 லட்சம் வண்டிகள் அந்த வகையில் வந்தன. உங்களுடையது பழைய ஜாகுவாராகவோ பி.எம்.டபிள்யூவாகவோ இருந்தாலும் வழி பெரும்பாலும் இதுதான்.

முதல் படி: எதற்காக விற்கிறீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள்

நல்ல விலை, நல்ல கை, சீக்கிரம். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் கிடைப்பது அபூர்வம். எது முதலில், எது கடைசியில் என்று இப்போதே வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் நல்ல கை, அடுத்து விலை, கடைசியில் நேரம். நடுவில் ஒரு புரோக்கர் அதிக விலை சொல்லி, "கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடற பார்ட்டி சார்" என்றபோது மறுக்க முடிந்தது அந்தக் காகிதத்தால்தான்.

வீட்டிலும் உறவிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். விற்ற பிறகு தம்பி மகன் "என்கிட்ட சொல்லியிருக்கலாமே பெரியப்பா" என்றால் அந்த வருத்தம் தீராது.

இன்னொன்று, உங்கள் வண்டியை என்ன பெயரில் அழைப்பது. விளம்பரங்களில் பழைய வண்டி எல்லாமே 'விண்டேஜ்'. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கிற சொந்த உபயோக வண்டிதான் விண்டேஜ். அதற்குப் புதுப் பதிவு 20,000 ரூபாய், மறுபதிவு 5,000 ரூபாய். சான்று பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவு எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிந்தால் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான். என் வண்டிக்கு அந்த வயது வரவில்லை. அதனால் 'கிளாசிக்' என்றே எழுதினேன். சொல்லைச் சரியாகப் போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் நம்பிப் பேசுகிறார்கள்.

இரண்டாம் படி: காகிதம்

பாலிஷ் போடுவதற்கு முன்னால் பீரோவைத் திறங்கள். பழைய இறக்குமதி வண்டியில் பாதி விலை காகிதத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சேசிஸ் எண்ணில் (வண்டி உடலில் பொறித்த அடையாள எண்) சந்தேகம் இருக்கிற பளபளப்பான வண்டியை விட, வெளிறிப்போன ஆனால் காகிதம் சுத்தமாக இருக்கிற வண்டியைத்தான் தெரிந்தவன் வாங்குவான்.

முதலில் ஆர்.சி. உங்களிடம் பழைய புத்தக ஆர்.சி. இருந்தால், மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். விவரம் வரவில்லை என்றால் பழைய பதிவு கணினியில் ஏறவில்லை என்று அர்த்தம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பேக்லாக் என்ட்ரி' போடச் சொல்ல வேண்டும். ஆள் கிடைத்த பிறகு இதை ஆரம்பித்தால், காத்திருந்து அலுத்து வேறு வண்டி பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆர்.சி. அப்பா பெயரிலேயே இருந்து அவர் காலமாகிவிட்டிருந்தால், நேராக விற்க முடியாது. படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. எப்போதோ லோன் போட்டு அடைத்திருந்தாலும் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கும். வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து நீக்குங்கள்.

சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று நீங்களே சரிபாருங்கள். பொறித்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் அச்சு விழும். அதைத்தான் சேசிஸ் பிரிண்ட் என்கிறோம். டபிள்யூ 123-ல் அந்த எண்ணே ஒரு ஜாதகம். 123123 என்று வந்தால் 240டி. அடுத்த இலக்கம் 1 என்றால் இடது கை ஸ்டியரிங், 2 என்றால் வலது கை. இன்ஜின் எண் 616912 என்று தொடங்க வேண்டும். இன்ஜின் மாற்றிய வண்டியாக இருந்தால் ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் விற்பனையை அங்கேயே நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

இறக்குமதி வண்டிக்கு சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சீட்டு, தங்கம். என் வண்டியை மலேசியாவிலிருந்து திரும்பிய ஒரு டாக்டர் 1987-ல் கொண்டுவந்தார். அந்தக் காகிதத்தை அவர் தனி உறையில் போட்டு எனக்குக் கொடுத்திருந்தார். தூதரகத்தில் இருந்து மத்திய அரசு நிறுவனமான ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமாக விற்கப்பட்ட வண்டியென்றால் அந்த ஒதுக்கீட்டுக் கடிதம் இருக்கும். தேடி எடுங்கள்.

தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் இதையும் 'எஃப்.சி.' என்கிறார்கள், தமிழ்நாட்டில் இதோடு பசுமை வரியும் உண்டு. வாங்குகிறவர் கேட்கிற இரண்டாவது கேள்வியே "எஃப்.சி. எவ்வளவு நாள் இருக்கு?" என்பதுதான், அதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இருந்து இறக்குமதிக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 40,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய இறக்குமதிக் காருக்கு அதை 80,000 ஆக்கிவிட்டார்கள். இங்கேயே தயாரான காருக்கு 10,000. நான் 2022-ல் புதுப்பித்து வைத்திருந்தது விற்கும்போது நேரடியாக விலையில் தெரிந்தது.

இதற்கெல்லாம் மேலே சர்வீஸ் பில்கள். என்னுடையவை ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினேன். தெர்மல் தாளில் அடித்த பில்கள் பத்து வருஷத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தன. கையால் எழுதிய கார்பன் காப்பிகள் மட்டும் நேற்று எழுதியது போல நீலமாக இருந்தன. புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரின் சீட்டு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளின் பில்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பு ஆனது. உங்கள் பில்கள் வெளிறுவதற்குள் நகல் எடுத்துவிடுங்கள்.

அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில், வண்டியில் உள்ள குறைகளை என் கையெழுத்தில் எழுதி வைத்தேன். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: எதைச் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது

விற்பதற்காகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். பழைய வண்டியில் புதுப் பெயிண்ட்டைப் பார்த்தவுடன் தெரிந்தவனுக்கு வருகிற முதல் சந்தேகம், உள்ளே பள்ளத்தை அடைக்கிற பட்டி எவ்வளவு இருக்கிறது என்பதுதான். கம்பெனிப் பெயிண்ட் சாதாரணமாக நூறு, நூற்றைம்பது மைக்ரான் கனம் இருக்கும். பட்டி போட்ட இடத்தில் கனம் அளக்கிற மீட்டர் பல மடங்கு காட்டும். மீட்டர் இல்லாதவர்கள் சின்னக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் சக்கர வளைவின் மேல் மெதுவாக நகர்த்துவார்கள். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டே வரும், பட்டி இருக்கும் இடத்தில் சட்டென்று நழுவும். அதை நீங்களே முதலில் செய்து பார்த்து, எங்கே நழுவுகிறது என்று குறித்து வையுங்கள்.

பாலிஷிலும் எச்சரிக்கை தேவை. போட்டோ எடுக்கும் முன் பளபளப்பாக இருக்கட்டும் என்று ஒரு கடையில் விட்டேன். மெஷினை அழுத்திப் போட்டதில் பானெட் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு 40 வருஷத்துப் பெயிண்ட் தேய்ந்து பிரைமர் தெரிந்தது. இருபது வருஷமாக நான் கையால் மெழுகு போட்டுக் காத்த விளிம்பு அது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. பழைய வண்டியின் ஓரங்களில் மெஷின் படவே கூடாது. கையால் செய்தால் போதும்.

பாதுகாப்பு சம்பந்தமானவற்றைக் கட்டாயம் சரிசெய்யுங்கள். பிரேக், ஸ்டியரிங் லூஸ், டீசல் குழாய் கசிவு, பெல்ட், விளக்குகள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் பத்து வயதான டயரோடு டெஸ்ட் டிரைவுக்கு அனுப்பாதீர்கள்.

துரு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் படம் எடுங்கள். டபிள்யூ 123-ல் பார்க்க வேண்டியவை ஜாக்கி போடும் இடங்கள், முன் மட்கார்டு, பேட்டரித் தட்டு, பின் கண்ணாடி ரப்பரின் கீழ்ப்புறம், ஸ்டெப்னி வைக்கும் குழி. டிக்கி கம்பளத்தைத் தூக்கினால் குழியில் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சென்னை வண்டிக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு: "2015 வெள்ளத்துல வண்டி எங்க இருந்துச்சு?" இப்போது அதோடு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சேர்ந்துவிட்டது. இரண்டு முறையும் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு. வண்டி திண்ணை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டிய ஷெட்டில் இருந்தது. 2015-ல் அந்த ஷெட்டில் வண்டி நிற்கும் போட்டோ, தேதியோடு என்னிடம் இருந்தது. உங்களிடமும் இருந்தால் கோப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் சீட் தண்டவாளத்தையும் கம்பளத்தின் அடிப்பகுதியையும் படம் எடுங்கள். வண்டல் படிந்திருந்தால் அங்கேதான் மிச்சம் இருக்கும்.

நான்காம் படி: விலை

நம் நாட்டில் பழைய சொகுசு வண்டிக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிற விலைப் பட்டியல் கிடையாது. விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. கைமாறிய விலை அங்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள கிளப் ஆட்களிடமும் இந்த வகை வண்டிகளையே பார்க்கும் மெக்கானிக்குகளிடமும் போக வேண்டும். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. அங்கே ஒரு மாலை நின்று பேசினால் கிடைக்கிற தகவல் ஒரு மாதம் போனில் தேடினாலும் கிடைக்காது.

என் கணக்கு இப்படி. நன்றாக இருக்கிற, எல்லாம் வேலை செய்கிற அதே வகை வண்டி சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று மூன்று பேரிடம் கேட்டேன். என் வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகிற செலவை (ஏ.சி. கம்ப்ரசர், காற்றை உறிஞ்சி இயங்கும் வாக்குவம் குழாய் வேலை, முன் மட்கார்டு டிங்கரிங்) மெக்கானிக்கிடம் எழுதி வாங்கினேன். முதல் தொகையில் இரண்டாவதைக் கழித்தேன். அதன் மேல் பேரத்துக்குக் கொஞ்சம் வைத்தேன், அவ்வளவுதான். நீங்கள் இருபது வருஷத்தில் செலவழித்த தொகையைக் கூட்டிப் பார்க்காதீர்கள். அது விலையில் சேராது.

டீசல் வண்டிக்கு ஒரு பெரிய சந்தை இல்லாமலே போகிறது. டெல்லிப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-லிருந்தே கெடுபிடி. அங்கிருந்து போன் வந்தால், வண்டியை எங்கே பதிவு செய்வார் என்பதை முதலில் கேளுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே சொல்வது, எப்போது சொல்வது

மெக்கானிக்கிடம் முதலில் சொல்லுங்கள். பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் அவருக்குத் தெரியும். பிறகு கிளப். பிறகுதான் ஆன்லைன் விளம்பரம். மிக அபூர்வமான வண்டி என்றால் மும்பை அஸ்டகுரு போன்ற ஏல நிறுவனங்களைப் பார்க்கலாம். என்னுடையது போல லட்சக்கணக்கில் வந்த செடானுக்கு அது தேவையில்லை.

நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்கமாட்டார்கள். பார்க்க வருவார்கள், பேசுவார்கள், "தை பிறக்கட்டும்" என்பார்கள். அதைத் தட்டிக்கழிப்பு என்று நினைத்து விலையைக் குறைக்கவேண்டாம். நான் ஆயுத பூஜைக்கு முன்பே விளம்பரம் போட்டு, மார்கழியைக் காகித வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

விளம்பரத்தில் என்ன எழுத வேண்டும்? வருஷம், மாடல், எத்தனையாவது ஓனர், எஃப்.சி. எதுவரை, கியர் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, இடது கையா வலது கையா. பிறகு குறைகள். என் விளம்பரத்தில் இருந்த வரிகள்: "மீட்டர் 2011-ல் எட்டு மாதம் ஓடவில்லை, எனவே கிலோமீட்டர் துல்லியமில்லை. முன் இடது மட்கார்டில் பட்டி உண்டு. சாவியை அணைத்தாலும் சில சமயம் இன்ஜின் நிற்காது. ஏ.சி. குளிர் குறைவு." என் மகள் இதைப் படித்துவிட்டு, "அப்பா, இப்படி எழுதினா யார் வருவா?" என்றாள். போன் குறைவாகத்தான் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் வண்டி தெரிந்தவர்கள்.

போட்டோவுக்குக் காலை ஏழு மணி வெயில் போதும். தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்து எடுக்காதீர்கள், ஈரம் கீறலை மறைக்கும். துருப்பிடித்த இடத்துக்கும் ஒரு படம். முக்கியமாக ஒரு வீடியோ: இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்வது. டாஷ்போர்டில் இன்ஜின் முன்சூடாவதைக் காட்டும் மஞ்சள் சுருள் விளக்கு எரிந்து அணைவது, பிறகு சாவி திருப்புவது, புகை எவ்வளவு வருகிறது என்பது வரை வெட்டாமல் எடுங்கள். டீசல் வண்டி தெரிந்தவனுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

நம்பர் பிளேட்டையும் ஆர்.சி.யையும் பொது விளம்பரத்தில் போடாதீர்கள். "நான் ராணுவத்தில் இருக்கேன், பார்க்காமலே வாங்கிக்கிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வந்துடும்" என்று ஒரு போன் நிச்சயம் வரும். பணம் வாங்குவதற்கு எதையும் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையில்லை. பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆறாம் படி: பார்க்க வருகிறவர்கள்

வருவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். தெரிந்தவர் வந்தவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டிங்கை மறைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்.

கடைசியில் வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரர், பம்ப் பட்டறை வைத்திருப்பவர், நாற்பதுக்குள் வயசு. அங்கே ஜிடி கார் மியூசியத்துக்குப் பலமுறை போய் நின்றதில்தான் பழைய வண்டி ஆசை வந்தது என்றார். வந்ததும் என்னிடம் விலை பேசவில்லை. பானெட்டைச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னார். இந்த வண்டியில் பானெட்டை 90 டிகிரிக்குத் தூக்கி நிறுத்தலாம் என்பது தெரிந்தவர். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வைத்தார். மூடி லேசாக நடுங்கியது, துள்ளி விழவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் காற்று மேலே தள்ளி மூடியைத் தூக்கி எறிந்துவிடும். தலையை ஆட்டிக்கொண்டு அதை மூடினார்.

பிறகு சாவியை அணைத்தார். இன்ஜின் நிற்கவில்லை.

இந்த டீசலில் இன்ஜினை நிறுத்துவது வாக்குவம். அதே வாக்குவம்தான் கதவுப் பூட்டுகளையும் இயக்குகிறது. ஏதோ ஒரு கதவில் சின்ன ரப்பர் விரிசல் விட்டால்கூட, சாவியைக் கையில் எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். தெரியாதவர் பார்த்தால் பயந்துவிடுவார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஸ்டாப் லிவர் எங்கிருக்குதுங்க சார்?" என்று மட்டும் கேட்டார். பம்ப் பக்கத்தில் இருந்த அந்தச் சிவப்பு லிவரைக் காட்டினேன், அழுத்தினார், நின்றது. "விளம்பரத்துல போட்டிருந்தீங்க. சொல்லாம விட்டிருந்தீங்கன்னா நான் இப்பவே கிளம்பியிருப்பேனுங்க" என்றார். குறைகளை முதல் பக்கத்தில் எழுதுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் சொன்ன குறை பேரத்தில் ஆயிரங்களில் போகும். அவர்களாகக் கண்டுபிடித்த குறையால் வியாபாரமே முறியும்.

டெஸ்ட் டிரைவுக்கு முன் ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்து சீட்டில் இருங்கள், சாவியைக் கொடுத்து "போய்ட்டு வாங்க" என்று அனுப்பவேண்டாம். முதல் பத்து நிமிஷம் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள். 240டி-யின் 72 குதிரைத்திறனை எப்படிப் பொறுமையாக ஓட்ட வேண்டும், கால் பிரேக்காக இருக்கிற பார்க்கிங் பிரேக்கை டாஷ்போர்டு கைப்பிடியால் எப்படி விடுவிப்பது என்பதெல்லாம் புதியவருக்குத் தெரியாது.

ஏழாம் படி: பேரமும் பணமும்

போனில் விலை பேசாதீர்கள். வண்டியைப் பார்த்த பிறகு, பக்கத்தில் நின்று பேசுங்கள். அட்வான்ஸ் வாங்கினால் ஒரு தாளில் தொகை, மொத்த விலை, எந்தத் தேதிக்குள் மீதி, வராவிட்டால் என்ன என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு வேறு ஆள் கூடுதலாகக் கேட்டாலும் வார்த்தை மாறக்கூடாது.

வருமான வரிச் சட்டப்படி ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. மீறினால் வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கட்ட நேரும். எனவே வங்கி வழியாகத்தான். எஸ்.எம்.எஸ்.-ஸை நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் 'தனிப்பட்ட உடைமை' என்பதால், வாங்கிய விலையை விட அதிகத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி வராது. தொழில் கணக்கில் தேய்மானம் காட்டியிருந்தால் கதை வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

எட்டாம் படி: பெயர் மாற்றம். இதில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள்

வெகுநாள் முன்பு என் பழைய ஃபியட்டை ஒரு புரோக்கர் மூலம் விற்றேன். வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். 'ஓப்பன் டிரான்ஸ்ஃபர்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். மூன்று வருஷம் கழித்து, நான் கேள்விப்படாத ஊரில் அந்த வண்டி ஒருவரை இடித்துவிட்டதாக எனக்கு நோட்டீஸ் வந்தது. வண்டி நான்கு கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் என் பெயர். அடிபட்டவர் பிழைத்தார் என்று தெரியும்வரை நான் தூங்கவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கு.

ஆகவே வாங்குபவர் பெயரும் முகவரியும் எழுதிய பிறகுதான் கையெழுத்து. விற்பவர் கொடுக்கிற அறிவிப்பு படிவம் 29, இரண்டு பிரதி. பெயர் மாற்றக் கோரிக்கை படிவம் 30. மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்தில் விற்றால் நீங்கள் 14 நாளுக்குள், வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு படிவம் 28-ல் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கியாக வேண்டும். அதற்கு முன் நிலுவையில் உள்ள இ-சலான்களைக் கட்டிவிடுங்கள். என் வண்டி கோவைக்குப் போனதால் என்னென்ன வேண்டும் என்று இரண்டு ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முன்பே கேட்டுக்கொண்டோம். முடிந்தால் வாங்குபவரோடு நீங்களும் நேரில் போங்கள், ஒரு நாள் போகும், பரவாயில்லை.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு தானே போகும். சொந்த சேதப் பாதுகாப்பு வேண்டுமென்றால் வாங்கியவர் 14 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது. அதற்குச் சான்று வாங்கி வைத்தால், மூன்று வருஷத்துக்குள் வாங்கும் வேறு வண்டிக்குப் பயன்படும். பல வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு சொந்த சேதப் பிரீமியத்தில் அது 50 சதவீதம் வரை தள்ளுபடியாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: டெலிவரி

டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிஷமும் எழுதுங்கள். காலை 10.20-க்குக் கொடுத்த வண்டி 11 மணிக்கு எங்காவது மோதினால் அந்த நாற்பது நிமிஷம்தான் உங்களைக் காப்பாற்றும். மீட்டர் அளவு, இன்ஜின் எண், சேசிஸ் எண், கூடவே கொடுத்த பொருட்கள், 'உள்ளபடியே பார்த்து வாங்கிக்கொண்டேன்' என்ற வரி, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. ஃபாஸ்டேகைக் கண்ணாடியிலிருந்து உரித்துவிட்டு வங்கிக் கணக்கிலும் மூடுங்கள். மறந்தால் அவர் ஊர் போகும் வழி டோல் எல்லாம் உங்கள் கணக்கில்தான்.

உதிரிகளைப் பிரித்து விற்காதீர்கள். ஷெட்டில் சேர்த்து வைத்திருந்த ஒரு ஜோடி டெயில் லாம்ப் கண்ணாடி, கழற்றிய பழைய ஹார்ன், மலேசியாவில் கொடுத்த ஓனர்ஸ் மேனுவல், மூன்று சாவி எல்லாம் வண்டியோடு போயின. கூடவே நான்கு பக்கக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தேன்: எந்தக் கதவு எப்படிச் சாத்தினால் பிடிக்கும், வால்வு கிளியரன்ஸ் கடைசியாக எப்போது பார்த்தது, எந்த உதிரியை எங்கே வாங்குவது, இந்த வண்டியின் டீசல் முள் கால் டாங்கிலேயே காலி காட்டும் என்பது வரை.

தை கடைசி வாரம், ராகு காலம் கழித்து, அவர் மனைவி நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து ஒருமுறை ஸ்டார்ட் செய்து கொடுத்தேன். கச்சேரி ரோடு திருப்பம் வரை டீசல் சத்தம் கேட்டது.

பத்தாம் படி: அதற்குப் பிறகு

வண்டி போனதும் வேலை முடிந்துவிடாது. படிவம் 29 கொடுத்ததற்கான ரசீது, டெலிவரி நோட், வாங்கியவரின் அடையாள அட்டை நகல், பணம் வந்த வங்கிக் கணக்கு நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் தாண்டியும் உங்கள் பெயரே இருந்தால் போன் செய்யுங்கள். அதற்கும் நடக்காவிட்டால் ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் கொடுங்கள். எனக்கு ஐந்தாவது வாரத்தில் பெயர் மாறியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து உறையில் சேர்த்தேன்.

அன்று சாயங்காலமே கோவையிலிருந்து போன். "சார், வாக்குவம் கசிவு கண்டுபிடிச்சாச்சுங்க. பின் வலது கதவுங்க." பதினோரு வருஷமாக நான் முன் கதவிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.